அறுபத்தி மூணு கேட்டும் ஒரு முக்கோணமும்

உங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா. மைக்க ரெண்டு தட்டு தட்டி, தொண்டையச் செருமி, மொத வார்த்தையே எங் கைடு வைதேகி மேடம் குரல்ல வரணும், கண்ணாடியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, 'ஸோ... தளவாய்...'னு. அதுக்குத்தானே கடைசி வரிசை வரைக்கும் நெறஞ்சிருக்கு. ஒரு பி.எச்.டி. வைவாவுக்கு எவன் வருவான். போன மாசம் பக்கத்து டிபார்ட்மென்ட்ல ஒருத்தருக்கு நடந்துச்சு, அவரு சம்சாரமே பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க. இங்க ஜன்னல் கட்டையிலகூட ரெண்டு பேரு ஏறி உக்காந்திருக்கான். ஆபீஸ்ல இருந்து மூக்கையா ஃபைல அப்படியே கக்கத்துல வெச்சுக்கிட்டு வந்திருக்காரு. நோட்டீஸ் போர்டுல தலைப்ப ரெண்டு வரிக்கு ஒட்டியிருந்தாங்க, வடிவ இலக்கணத்தைக் கணினியில் செயல்படுத்துதல், ஒரு பட்டறையின் இரும்பு வாயிற்கதவுகளை முன்வைத்து, அப்படின்னு. அத ஒருத்தனும் படிச்சிருக்க மாட்டான். கீழ தளவாய்னு பேரப் பாத்திருப்பான், சிரிச்சிருப்பான். இருபத்தி நாலு வருஷமா இந்தக் காலேஜச் சிரிக்க வெச்சிருக்கேன்ல. பிரிவுபசார விழாவா, கூப்பிடு மிமிக்ரி சார. ஆயுத பூஜையா, கூப்பிடு மிமிக்ரி சார. மூணு பிரின்சிபால அவங்க எதுக்கவே பேசிக் காட்டியிருக்கேன், மூணு பேரும் கைதட்டுனாங்க, அதுல ஒருத்தரு மறுநாளே எனக்கு எக்ஸாம் டூட்டி போட்டாரு. இன்னிக்கு அது கெடையாது ராசாக்களா. ஒருத்தரு குரலும் எடுக்கறதா இல்ல. காலையில சட்டைய இஸ்திரி போட்டுக் கையில குடுக்கும்போதே செண்பகா சொல்லிட்டா, "இன்னிக்கு ஒரு நாள் உங்க சொந்தக் குரல்ல பேசிட்டு வாங்க." அது எதுன்னு கேட்டேன். எம் பொண்டாட்டி சிரிக்கல. இந்த ஆராய்ச்சி ஆரம்பிச்சு எட்டு வருஷம் ஆச்சு. யூனிவர்சிட்டி மூணு தடவ நீட்டிப்புக் குடுத்தாச்சு, நாலாவது கெடையவே கெடையாதுன்னு கடுதாசியில அடிக்கோடு போட்டு அனுப்பிட்டான். முன்வரிசையில வெள்ளச் சட்டையில உக்காந்திருக்காரே, சென்னையில இருந்து வந்த எக்ஸ்டர்னல், டாக்டர் சோமசேகர், அவரு இன்னிக்குக் கையெழுத்துப் போட்டா நான் டாக்டர் தளவாய். போடலேன்னா அம்பத்திரண்டு வயசுலயும் மிமிக்ரி சார், அறுபதுலயும் மிமிக்ரி சார், பாடைய எடுக்கும்போதும் பின்னாடி வரவன் பக்கத்துல இருக்கவன்கிட்ட, 'மனுசன் நல்லாக் கொரல் எடுப்பாருப்பா'ம்பான். ஆனா போடுவாரு. மேடையில ஏறுன மூணாவது செகண்டுல சபை கையில இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சிரும். இருக்கு.

எல்லாருக்கும் வணக்கம், அப்படின்னேன். என் குரல்தான். பின்னாடி ஒரு ஏமாத்தப் பெருமூச்சு வந்துச்சு, வாங்கிக்கிட்டேன், வரும்னு தெரியும். பெருமூச்சு அடங்க ஒரு செகண்டு குடுத்துட்டு மொத படத்தத் தட்டுனேன். திரையில ரெண்டு சதுரம், ஒண்ணோட மூலையில இன்னொண்ணு ஏறி உக்காந்திருக்கு. எத்தன சதுரம்னு கேட்டேன். மூணுங்கறாங்க பசங்க, சொல்லி வெச்ச மாதிரி. நடுவுல ரெண்டும் மோதுற எடத்துல குட்டியா ஒண்ணு இருக்குல்ல. மூணு வயசுப் புள்ளகூட அதத்தான் மொதல்ல தொட்டுக் காட்டும். கம்ப்யூட்டர்கிட்ட கேட்டா ரெண்டுங்கும். நீ எனக்கு ரெண்டுதானே குடுத்தன்னு நிக்கும், ரேஷன் கடைக்காரன் மாதிரி. போட்டது மட்டுந்தான் அதுக்குத் தெரியும், தானா வந்தது தெரியாது. இங்கதான் எனக்கு நாலு வருஷம் போச்சு. வாய் சொல்லிக்கிட்டே போகுது, மனப்பாடம், அது பாட்டுக்குப் போகட்டும், நான் அந்த நாலு வருஷத்தப் பாக்கறேன். கோடு கோடா உள்ள குடுக்கறது, அது பாக்க மாட்டேங்கறது. ரெண்டு கோட்டு முனைக்கும் நடுவுல ஒரு தலமுடி அளவு எடவெளி இருந்தாப் போதும், சதுரமே இல்லேன்னுரும். அப்பறம் ஒரு நாள், பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வரும்போது, கண்டக்டர் மாதிரி 'உள்ள போ உள்ள போ'ன்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கும்போது பட்டுன்னு வெளங்குச்சு. அதுக்கு நான் ஞாபகம் வெக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். மறக்கச் சொல்லிக் குடுக்கணும். எந்தக் கோட்ட எவன் போட்டான், எப்பப் போட்டான், எதோட சேத்துப் போட்டான், எல்லாத்தயும் மற. ஒரே நேர்ல முட்டிக்கிட்டு நிக்கற கோடெல்லாம் ஒரே கோடுன்னு உருக்கி வெய்யி. எது எத எங்க வெட்டுதுன்னு மட்டும் குறிச்சு வெய்யி. இப்பத் தேடு. தேடுச்சு. மூணுன்னுச்சு. அன்னிக்கு லேப்ல தனியா இருந்தேன், கைதட்ட ஆளில்ல, நானே பிரின்சிபால் குரல்ல 'வெரி குட் தளவாய்'னு சொல்லிக்கிட்டேன். இலக்கணம்னா என்னன்னு சபைக்குச் சொல்றேன் இப்ப, இந்த மாதிரி இருந்தா இப்படி மாத்து, அவ்வளவுதான் ஒரு விதி, எடது பக்கம் பாக்கறது, வலது பக்கம் செய்யறது. அத வெளிய சொல்றேன். மிமிக்ரியும் அதேதான்னு சொல்லல. நாக்குல வந்து நிக்குது, சொல்லல. குரல எடுக்கறவன் கத்துக்குட்டி. எங்க நிறுத்துறாங்கறத எடுக்கணும். வைதேகி மேடம் எனக்கு கைடு, எட்டு வருஷமாத் திட்டி வளத்தவங்க, அந்தம்மாவுக்கு மூணே விதிதான். கண்ணாடி மூக்குல இருந்தா கழட்டு. கழட்டுனா 'ஸோ'ன்னு இழு. இழுத்தா அடுத்து வரது 'இல்ல'தான். இந்த மூணும் போதும், அவங்க வாழ்க்கையில சொல்லாத வாக்கியத்தயெல்லாம் நான் சொல்லுவேன், அவங்க வீட்டு நாய் வாலாட்டும். இப்ப முன்வரிசையில கண்ணாடி மூக்குலயே இருக்கு. நல்ல சகுனம்.

படம் மாறுது. பண்டாரக்குளம் காலனி. அஞ்சு தெரு, எல்லா வீட்டு வாசல்லயும் ரெட்டைக் கதவு இரும்பு கேட்டு, எல்லாம் ஒரே பட்டறையில செஞ்சது, எட்வின் ஞானதுரை. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, ஆனா எதப் பாத்தாலும் அவரு கேட்டுன்னு சொல்லிரலாம். அதுதான் ஸ்டைலு. நான் போறதுக்குப் பத்து வருஷத்துக்கு முன்னாடியே அவரு போய்ச் சேந்தாச்சு. காகிதத்துல ஒரு படங்கூடக் கெடையாது. பட்டறைத் தரையில சாக்பீஸால வரைவாராம், அது மேலயே கம்பிய வெச்சு வளைப்பாராம், வேல முடிஞ்சா கூட்டித் தள்ளிட்டு அடுத்தது. ஆக மிச்சம் கேட்டுதான். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம காலையில காமெராவத் தூக்கிக்கிட்டுப் போவேன், எதுத்த வாடையில நின்னுக்கிட்டு, கேட்டக் கொஞ்சம் சாத்துங்கம்மான்னு கெஞ்சுவேன். ரெண்டாவது தெருவுல லுங்கி கட்டுன ஒரு அண்ணாச்சி இடுப்புல கைய வெச்சுக்கிட்டுக் கேட்டாரு, "எதுக்கு சாத்தச் சொல்லுதீய? தெறந்து வெச்சாத்தான வீடு தெரியும்." வீடு வேண்டாம் அண்ணாச்சி, கேட்டு போதும்னேன். "தெறக்காத கேட்டு எதுக்கு வே"ன்னாரு. நல்ல டைமிங். அந்தக் குரல அப்பவே எடுத்து வெச்சுக்கிட்டேன், வீட்டுல வந்து செண்பகாவுக்குப் பேசிக் காட்டுனேன், அவளும் சிரிச்சா. அறுபத்தி மூணு கேட்டு. அறுபத்தி மூணயும் கோடு கோடா எடுத்து உள்ள குடுத்தேன். ஒண்ணாவது விதி, நாலு பக்கமும் இரும்புச் சட்டம். ரெண்டாவது சட்டத்தப் பாதியாக்கு. மூணாவது பாதியில குறுக்க ரெண்டு கம்பி. நாலாவது அது மோதுற எடத்துல வட்டம். அஞ்சாவது வட்டத்துக்குக் கதிர். ஆறாவது மேல வேல் முனை. சொல்லச் சொல்ல திரையில கேட்டு தானா வளருது, பசங்க முணுமுணுப்ப நிறுத்திட்டு வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்கறான். எக்ஸ்டர்னல் தலையச் சாச்சுப் பாக்கறாரு. எடது பக்கம். அது ஏன் இப்ப. பெரியப்பா அப்படித்தான் சாய்ப்பாரு. யாராச்சும் பேசுனா தலைய எடது பக்கம் சாச்சு, வலது தோளத் தூக்கி, என்னமோ சந்தேகப்படறவரு மாதிரி. எனக்குப் பத்தொம்பது வயசு, அத்த பொண்ணு கல்யாணத்துல பந்தி முடிஞ்ச நேரத்துல அதச் செஞ்சேன். ஒரு வார்த்த பேசல, தலைய மட்டும் சாச்சேன். மண்டபமே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. பெரியம்மாவும் சிரிச்சாங்க. அப்பறம் கை கழுவுற எடத்துல பக்கத்துல வந்து, ஈரக் கையச் சேலையில தொடச்சுக்கிட்டே சொன்னாங்க, "அவுகளுக்கு வலது காது கேக்காதுப்பா. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு அறைஞ்சது." அவ்வளவுதான் சொன்னாங்க. நான் அதுக்கப்பறமும் நாலு கல்யாணத்துல செஞ்சேன். டைமிங் அவ்வளவு நல்லா வந்துச்சு. சரி, அது இப்ப எதுக்கு. எக்ஸ்டர்னலுக்குக் கழுத்து சுளுக்கா இருக்கும், ராத்திரி ரயில்ல வந்தவரு.

இப்பத்தான் வரப்போகுது. இதுக்கு முன்னாடி தண்ணி குடிக்கணும்னு ஒத்திகையிலயே வெச்சிருந்தேன். குடிச்சேன். டம்ளர மெதுவா வெச்சேன், சத்தம் வராம. இந்த ஆறு விதியும் நான் கண்டுபுடிச்சது, ஏழாவது நான் கண்டுபுடிக்கலன்னேன். மெஷின் கண்டுபுடிச்சது. திரையில மூணாவது தெருப் பச்ச கேட்டு. எடது கதவு தனி, வலது கதவு தனி, அப்படித்தான் நான் வரைஞ்சு குடுத்தேன். ஆனா அதுதான் யாரு போட்ட கோடுங்கறத மறந்துருச்சே. ஒரு நாள் காலையில திரையப் பாக்கறேன், கேட்டோட கீழ, நட்ட நடுவுல, ரெண்டு கதவும் சேர்ற எடத்துல, ஒரு முக்கோணத்தச் செவப்புல காட்டுது. எடது கதவோட அடி மூலையில ஒரு சாய்வுக் கம்பி, வலது கதவோட அடி மூலையில ஒரு சாய்வுக் கம்பி, சாத்துனா ரெண்டும் சேந்து ஒரு கூர மாதிரி. கீழ தரைக்கோடு. தரைக்கோடு எட்வின் போட்டதில்ல, படம் கோணாம இருக்கட்டும்னு நான் போட்டது, மெஷினுக்கு அதெல்லாம் ஒண்ணுதான். மொதல்ல தப்புன்னு நெனச்சு ரெண்டு நாள் மண்டைய ஒடச்சேன். அடுத்த கேட்டப் பாத்தா அங்கயும். அதுக்கடுத்தது. அறுபத்தி மூணுல நாப்பத்தி ஒண்ணு. நான் வருஷக்கணக்கா மொறச்சு மொறச்சுப் பாத்த கேட்டு, ஒரு தடவகூடக் கண்ணுல படல. அந்த வீடுகள்ல குடியிருக்கறவங்களும் சொல்லல. கேட்டுக்குள்ள ஒரு வீடு வெச்சிருக்காரு மனுசன். குட்டியா, புள்ளைங்க மண்ணுல கட்டுற மாதிரி. பேரு வெச்சேன், சிற்றில். ஏழாவது விதி, சிற்றில் விதி. ஒரு நாள் மத்தியானம் அந்தச் சிற்றில் வழியா ஒரு தெருநாய் உடம்பச் சுருக்கிக்கிட்டு வெளிய வந்துச்சு, வெயில்ல, நின்னு என்னயப் பாத்துச்சு. அந்தாளு நாய்க்கும் ஒரு வாசல் வெச்சாருன்னு நாலாவது அத்தியாயத்துல ஒரு பத்தி எழுதியிருக்கேன். வைதேகி மேடம் அந்தப் பக்கத்தப் படிச்சுட்டுக் கண்ணாடியக் கழட்டுனாங்க, நான் செத்தேன்னு நெனச்சேன், கழட்டித் தொடச்சுட்டுத் திரும்பப் போட்டுக்கிட்டாங்க. அவங்க விதிய அவங்களே மீறுனது அன்னிக்கு ஒரு நாள்தான். அப்பறம் ரெண்டு வருஷத்துக்கு ஓட்டந்தான், மாநாடு, கட்டுர, கைதட்டு, எல்லாம் அந்த முக்கோணத்துக்கு. போன தை மாசம் இந்த ஏழு விதியயும் வெச்சு மெஷினு புதுசா ஒரு கேட்டு வரைஞ்சுச்சு, எட்வின் செய்யாத எட்வின் கேட்டு, அதச் செஞ்சு நம்ம டிபார்ட்மென்ட் வாசல்ல மாட்டியாச்சு, ரிப்பன் வெட்டியாச்சு, அதோ ஜன்னல் வழியாத் தெரியுது. கீழ நடுவுல சிற்றில். வாட்ச்மேன் மட்டும் மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறாரு, "நாயி உள்ள வருது சார்"னு. வரட்டும்யா. அதுக்குத்தான வாசல்.

சபை எங்கிட்ட இருக்கு. இப்ப ஒரு ஊசி விழுந்தாலும் நான் சொன்னாத்தான் சத்தம் போடும். பக்கவாட்டுக் கதவுகிட்ட கேன்டீன் பாக்கியம் அக்கா டீ கேன எறக்கி வெச்சுட்டு, மெதுவடத் தட்டத்து மேல பேப்பரப் போட்டு மூடிட்டு, தூண்ல சாஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. வைவா முடிஞ்சா டீ, வட, லட்டு, அது ஐதீகம், ஜெயிச்சவன் செலவு. ஆறிருமேன்னு அவங்களுக்குக் கவல, அடிக்கொருதரம் கேனத் தொட்டுப் பாக்கறாங்க. திரையயும் பாக்கறாங்க. முடிச்சேன். எக்ஸ்டர்னல் பேனா மூடியத் தெறந்தாரு, மூடுனாரு, தெறந்தாரு. "ஏழாவது விதி நாப்பத்தி ஒண்ணுல இருக்கு, இல்லியா? அப்ப மிச்சம் இருபத்திரண்டுல ஏன் இல்ல? ஒரு மாஸ்டரோட கையெழுத்துன்னா எல்லாத்துலயும் இருக்கணும், இல்லியா?" இந்தக் கேள்விக்காகத்தான்யா நான் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன். வா ராசா. இருபத்திரண்டும் ஆரம்ப காலம் சார்னேன். மனுசன் எடுத்த எடுப்புலயே எட்வின் ஞானதுரை ஆயிர மாட்டாரு. அந்த இருபத்திரண்டு கேட்டும் முன்வாசல் பெருசா, மரம் நிக்கற மாதிரி எடம் விட்டுக் கட்டுன வீட்டுல இருக்கு, அதெல்லாம் காலனி உருவான காலத்து வீடு. நாப்பத்தி ஒண்ணும் வாசலுக்கே எடமில்லாம, கேட்டத் தாண்டுனா படிக்கட்டு, அப்படி நெருக்கிக் கட்டுன வீடு, பிற்காலம். ஆரம்பத்துல இல்லாத ஒண்ணு பிற்காலத்துல எல்லாத்துலயும் வருது, அதுக்கப்பறம் மாறவே இல்ல. அதத்தான் சார் முதிர்ச்சிங்கறோம். எக்ஸ்டர்னல் தலையாட்டுனாரு. வைதேகி மேடம் மூக்கு மேல கண்ணாடி அசையல. "அழகான வாதம், இல்லியா"ன்னாரு அவரு பக்கத்துல திரும்பி. நாக்குக்கு அடியில அது வந்து நின்னுச்சு. செண்பகா, மன்னிச்சுரு. கல்லுக்குள்ள இருந்து தண்ணி வர மாதிரி, நான் கூப்பிடாமலே வந்துச்சு. "நன்றி சார், இன்னும் ரெண்டு வருஷம் குடுத்தா எட்டாவது விதியும் வந்துரும், இல்லியா?"ன்னேன், அவரு குரல்ல, அவரு எழுப்புற எடத்துல எழுப்பி, அவரு பேனா மூடியத் தெறக்கற நேரத்துல. மொதல்ல சிரிச்சவரே அவருதான். பின்வரிசை ஓன்னு வந்துச்சு, காலையில இருந்து தேக்கி வெச்ச சிரிப்பு. மூக்கையா ஃபைல கீழ விட்டுட்டாரு. நான் ஜெயிச்சுட்டேன். அவரு அந்த மஞ்சக் காகிதத்த முன்னாடி இழுத்தாரு, கையெழுத்துப் போடற காகிதம், பேனா அது மேல நிக்குது. பெரியப்பா ஏன் இப்ப வந்து நிக்கறாரு, பந்தி வாசல்ல, தலையச் சாச்சுக்கிட்டு. போங்க பெரியப்பா. வட சாப்பிட்டுட்டுப் போங்க.

வைதேகி மேடம் எந்திரிச்சாங்க. இது மொறைக்குக் கேக்கற கேள்வி, பொது வைவான்னா கேட்டே ஆகணும், கேக்காம கையெழுத்து விழக் கூடாது. "சபையில யாருக்காவது கேள்வி இருந்தா கேக்கலாம்." யாரும் கேக்க மாட்டாங்க, கேக்கறதுக்கு நாமளே ரெண்டு பேர ரெடி பண்ணி வெச்சிருப்போம், அதுவும் ஐதீகம். சேதுபதி சார் எந்திரிச்சு, மெஷினுக்கு ஒரு கேட்டு வரைய எவ்வளவு நேரம் ஆகும்னாரு, நான் நாலு நிமிஷம்னேன், அவரு ஆச்சரியப்பட்டாரு, நேத்து கேன்டீன்ல வெச்சுப் பழகுன ஆச்சரியம், கொஞ்சம் ஓவர். ஜோஸ்பின் மேடம் எந்திரிச்சு, இத வேற பொருளுக்கும் போடலாமான்னாங்க, போடலாம் மேடம், ஜன்னல், கட்டில், எதுக்கு வேணா போடலாம்னேன். "வேற யாருக்காவது?" வேற யாருக்கும் இல்ல. எக்ஸ்டர்னல் பேனாவ எறக்குனாரு. "சார், நான் ஒண்ணு கேக்கலாமா." பக்கவாட்டுக் கதவுகிட்ட இருந்து. எல்லாரும் திரும்புனாங்க. பாக்கியம் அக்கா தூண விட்டுட்டு ரெண்டு எட்டு முன்னாடி வந்து நிக்கறாங்க, கையில டீ வடிகட்டி. பின்வரிசை சிரிச்சுச்சு, டீ ஆறுதுன்னு சொல்லப் போறாங்கன்னு நெனச்சு. நானும் அதான் நெனச்சேன், பதிலக்கூட ரெடி பண்ணிட்டேன். எக்ஸ்டர்னலுக்கு ஒரே குஷி. பேனாவ நிமித்திட்டாரு. "பொது வைவாதானே. யாரு வேணா கேக்கலாம், இல்லியா? கேளுங்கம்மா." அக்கா வடிகட்டிய முந்தானையில சுருட்டிப் புடிச்சுக்கிட்டுத் திரையக் காட்டுனாங்க. "அந்தப் பச்ச கேட்டு எங்க தெருவுல்லா சார். மூணாவது தெரு. எங்க வீட்டுக்கு எதுத்த வீடு." அப்படியாக்கான்னேன். சந்தோஷமாத்தான் சொன்னேன், இதவிட என்ன சாட்சி வேணும். "அந்த நடுவுல இருக்க ஓட்டய எட்வின் அண்ணாச்சி வெக்கல சார்." சொல்லிட்டு என்னயப் பாத்தாங்க, மொகத்துல ஒரு குசும்பும் இல்ல, ஒரு தப்பத் திருத்துதோமேங்கற கூச்சந்தான். "அவுக இறந்து ரெண்டு வருசம் கழிச்சு ரோடு போட்டாவ. பழச பேத்து எடுக்காம அது மேலயே போட்டாவ, அடுத்த தடவ அதுக்கும் மேலயே போட்டாவ. ரோடு ஒரு சாண் ஒசந்து போச்சு. வெளிப்பக்கமாத் தெறக்குத கேட்டெல்லாம் ரோட்டுல தட்டிக்கிட்டு நிக்கி, பாதிகூடத் தெறக்க மாட்டேங்கி. எங்க வீட்டுக்காரரு வெல்டிங் வேலதான, அவரு வீடு வீடாப் போயி ரெண்டு கதவுலயும் தட்டுத மூலைய வெட்டி, வெட்டுன வாயில ஒரு கம்பிய சாச்சு வெச்சு ஒட்டிக் குடுத்தாரு. நாப்பது வீட்டுக்கு மேல இருக்கும். வாசல் பெருசா இருக்க வீட்டுல கேட்டு உள்பக்கமாத் தெறக்கும், அதுக்கு எதுக்கு வெட்டணும்னு விட்டுட்டாரு."

பேனா காகிதத்துக்கு மேல ஒரு வெரக்கட தூரத்துல அப்படியே நிக்குது. வாசல் பெருசா இருக்க வீடு. எல்லாத்தயும் மறன்னு மெஷினுக்குச் சொன்னேன், யாரு போட்டது, எப்பப் போட்டது. அது சொன்ன பேச்சக் கேட்டுருக்கு. தெறக்காத கேட்டு எதுக்கு வே. படத்துல அறுபத்தி மூணும் சாத்தியே இருக்கு, நான்தான் சாத்தச் சொன்னேன், நல்லாச் சாத்துங்கம்மான்னு. வலது காது கேக்காதுப்பா. ஏதாச்சும் சொல்லணும், இந்த மாதிரி எடத்துல எதாச்சும் ஒரு குரல் எப்பவும் வரும், பிரின்சிபால் குரல், கண்டக்டர் குரல், லுங்கி அண்ணாச்சி குரல், உள்ள தடவிப் பாக்கறேன், ஒருத்தரும் இல்ல. வைதேகி மேடம் கை கண்ணாடிக்குப் போகுது. ஒரு குரல் வந்துச்சு, பாத்தா என்னோடதுதான், "கேள்வி என்னக்கா?" பாக்கியம் அக்கா ஜன்னலப் பாத்தாங்க, வெளிய இருக்கற புது கேட்ட, அப்பறம் என்னய. நடுவுல ஒரு நிறுத்தம் விட்டாங்க. சரியான எடம். நானா இருந்தாலும் அங்கதான் நிறுத்தியிருப்பேன்.

"நம்ம வாசல்லதான் ரோடே ஒசரலயே சார். புதுக் கேட்ட எதுக்கு வெட்டுனீய?"